கரையாத பிள்ளையாரும் விரிசல்விட்ட காதும்: வாசகர் கேள்வி–பதில்

ஆவணி பிறந்ததிலிருந்து நகரி, புத்தூர், சித்தூர், குப்பம், இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, திருத்தணி என்று எல்லையோரத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளையாரைப் பற்றியவை. ஆற்றையும் ஏரியையும் கெடுக்காமல் சதுர்த்தி கொண்டாட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். கைவேலையில்தான் சிக்கல். அதனால் இந்த இதழில் கைவேலைக்கே இடம்.

கேள்வி: ‘அசல் களிமண்’ என்று சத்தியம் செய்து விற்ற பிள்ளையாரை மூன்றாம் நாள் வாளித் தண்ணீரில் வைத்தோம். ஒரு வாரம் ஆகியும் உருவம் அப்படியே இருக்கிறது. வர்ணம் மட்டும் தோல் மாதிரி உரிந்து மிதக்கிறது. என்ன நடந்திருக்கும்?
– வாசகி, நகரி

பெரும்பாலும் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய், கிடைக்கிற வெள்ளைப் பொடிதான் அது. தண்ணீர் ஊற்றி அச்சில் வார்த்ததும் இழந்த நீரை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஜிப்சமாகவே இறுகிவிடுகிறது. ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் கரையும். ஒரு கிலோ சிலை முழுதாகக் கரைய நானூறு லிட்டருக்கு மேல் வேண்டும். உங்கள் பத்து லிட்டர் வாளியில் இருபத்தைந்து கிராம் கரைந்ததும் தண்ணீருக்கு அதற்கு மேல் கொள்ளாது. ஒரு வாரம் என்ன, ஒரு வருஷம் வைத்தாலும் அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. அது சுட்ட மண்ணாக இருக்கலாம். விற்றவர் அப்போது பொய் சொல்லவில்லை, களிமண்தான். ஆனால் சூளை ஏறிய மண் மறுபடி சேறாகாது, பானை கரைவதில்லையே. சுட்ட பிள்ளையாரைக் கரைக்கத் தேவையில்லை. கழுவித் துடைத்து எடுத்துவைத்து வருஷா வருஷம் பூஜை செய்யலாம்.

அடுத்த முறை வாங்கும்போது சிலையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே வர்ணம் பூசியிருக்க மாட்டார்கள். வெள்ளையாக, உள்ளே கூடாக, உயரத்துக்குத் தகாத லேசான கனத்தில் இருந்தால் பிளாஸ்டர். செங்கல் நிறத்தில், விரலால் சுண்டினால் கணீரென்றால் சுட்டது. சாம்பலோ கறுப்போ பழுப்போ கலந்த நிறத்தில் கனமாக இருந்தால், விரலை எச்சில் தொட்டு அடியில் தேயுங்கள். பச்சை மண் வழுக்கி விரலில் சேறாக ஒட்டும். அடிப்பாகமும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் வாங்காதீர்கள். காட்ட விரும்பாத எதையோ மூடியிருக்கிறார்கள்.

தோலாக உரிந்தது எண்ணெய்ப் பெயின்ட் அல்லது எமல்ஷன். உள்ளே நல்ல மண்ணே இருந்தாலும் இந்தத் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அதைவிடப் பெரிய கவலை நிறமிகள். பழைய வகை மஞ்சள், ஆரஞ்சுப் பெயின்ட்களில் ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறமி இருக்கும். ஜிப்சம் தண்ணீரைக் கடினமாக்குவதோடு நிற்கும். ஈயம் வண்டலில் தங்கி மீன் வழியாக மனிதருக்கே திரும்பி வரும். மிதக்கும் தோலை வடிகட்டி, உலர்த்தி, குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் விடாதீர்கள்.

கேள்வி: அந்தப் பிளாஸ்டர் சிலையை வேறு எப்படித்தான் கரைப்பது? எங்கள் வீட்டிலும் இரண்டு வருஷமாகப் பரணில் ஒன்று இருக்கிறது.
– வாசகர், புத்தூர்

புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் காட்டிய வழி ஒன்று இருக்கிறது: அமோனியம் பைகார்பனேட். பேக்கரியில் பிஸ்கட் உப்பச் சேர்க்கும் பொடி அது. சிலை எத்தனை கிலோவோ அத்தனை கிலோ பொடி தேவை. குறைத்தால் பாதியில் நின்றுவிடும். ஒரு கிலோவுக்கு ஆறு லிட்டர் தண்ணீர் கணக்கு. சிலை முழுகவும் வேண்டும். முதலில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பொடியைக் கலக்கிய தண்ணீரில் சிலையை இறக்கி, தினமும் மூன்று நான்கு முறை கட்டையால் கிளறினால் இரண்டு நாளில் குலைந்துவிடும். சிலை தடிமனாக இருந்தால் இன்னும் ஒரு நாள்.

பிளாஸ்டிக் டிரம்மில் செய்யுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரத்தை அமோனியா அரித்துவிடும். நுரை பொங்கும் என்பதால் கால் பாகம் காலியாக விடுங்கள். மூடியை இறுக்கக் கூடாது. வாயு வெளியேற வேண்டும். வாடை மூக்கைத் துளைக்கும். கொல்லைப்புறத்தில், குழந்தைகள் வராத இடத்தில் வைக்க வேண்டும். அடியில் படிவது சுண்ணாம்புத் தூள். மேலே தெளிவது அமோனியம் சல்பேட் கரைசல். யூரியா போல அதுவும் தழைச்சத்து உரம்தான், ஆனால் இந்தச் செறிவில் ஊற்றினால் செடி கருகும். ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் சேர்த்து, தென்னை, மா போன்ற பெரிய மரங்களுக்குப் பிரித்து ஊற்றுங்கள். பெயின்ட்டைச் சுரண்டாமல் கரைத்திருந்தால் இந்த யோசனையே வேண்டாம்.

கேள்வி: பிள்ளைகளுடன் வீட்டிலேயே பிள்ளையார் செய்கிறோம். காய்வதற்குள் தொப்பையில் விரிசல், காது விழுந்துவிடுகிறது, தும்பிக்கை முறிந்துவிடுகிறது. எங்கே தவறு?
– வாசகி, பள்ளிப்பட்டு

மண், ஒட்டு, காயவைப்பது என்று தவறு மூன்று இடத்தில் இருக்கலாம்.

மண்ணை ஏரியில் வாரி வருவதைவிடக் குயவரிடம் வாங்குவது நல்லது. ஏரியில்தான் எடுப்பதென்றால் கரை ஓரத்திலும் மதகு அருகிலும் தோண்டாதீர்கள். ஆறு அங்குலப் பிள்ளையாருக்கு ஒன்றரை கிலோ, ஒரு சாண் உயரத்துக்கு மூன்று கிலோ பிசைந்த மண் பிடிக்கும். கட்டியை நன்றாகக் காயவைத்து, தட்டிப் பொடித்து, பிறகு ஊறவிடுங்கள். ஈரக்கட்டியை அப்படியே ஊறப்போட்டால் நடுவில் கல்லாக நிற்கும். காய்ந்த மண்தான் தண்ணீரை இழுத்துச் சட்டென்று குலையும். கரைத்த குழம்பை ஒரு நிமிஷம் விட்டால் கல்லும் மணலும் அடியில் போகும். மேலே உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மறுநாள் தெளிந்த நீரை இறுத்து, துணியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இப்படிக் கிடைப்பது வெண்ணெய் மாதிரி இருக்கும். அங்கேதான் வினையும். சுத்தமான களி காயும்போது அதிகம் சுருங்கும். நாலு பங்கு களிக்கு அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு வரை சலித்த பொடி மணல் சேர்த்துப் பிசைந்தால் சுருக்கம் குறையும். சிலர் காகிதக் கூழ் சேர்க்கச் சொல்வார்கள். விரிசலை அது தடுக்கும், ஆனால் ஆவணி ஈரத்தில் இரண்டாம் நாளே பூசணம் பிடித்து நாறும். மணலே போதும்.

தொப்பையை முழு உருண்டையாக விட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரமாக நிற்கும் மண் சுருங்காது. அதனால்தான் அங்கே வெடிக்கிறது. உருவம் சற்று இறுகியதும் அடியிலிருந்து கரண்டிக் காம்பால் குடைந்து, சுவரை இரண்டு விரல் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். நிற்க வலு வேண்டுமே என்று உள்ளே மூங்கில் குச்சி செருகுவது வீட்டுப் பிள்ளையாரில் அதிகம் பார்க்கும் தவறு. மண் சுருங்கும், குச்சி சுருங்காது. குச்சியின் நீளத்துக்கே பிளவு விழும்.

காது, கை, தும்பிக்கை ஒட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே ஈரம் இருக்க வேண்டும். காலையில் செய்த உடம்பில் சாயங்காலம் புது மண்ணில் காது ஒட்டினால் நிற்காது. ஒட்டும் இரண்டு முகத்தையும் ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணைக் கூழாக்கித் தடவி, அழுத்திச் சற்றே திருகி ஒட்டுங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுவிடும். காது நுனியை அப்பளமாகத் தட்டாதீர்கள், அரை விரல் தடிமனாவது வேண்டும். தும்பிக்கை அந்தரத்தில் நீட்டாமல் தொப்பைமேல் படியட்டும்.

பலகையில் பொடி மணல் தூவி அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். பீடம் சுருங்கும்போது நகர இடம் வேண்டும். பலகையோடு ஒட்டிக்கொண்டால் பீடம் நடுவில் பிளக்கும். முதல் இரவு ஈரத்துணியால் மூடுங்கள். பிறகு நிழலில் நான்கைந்து நாள். ஃபேன் காற்று, அடுப்படி, நேர் வெயில் மூன்றும் கூடாது. கடைசி நாளில் இளவெயில் காட்டலாம். மழை மூட்டமாக இருந்தால் ஒரு வாரம் ஆகும் என்பதால் சதுர்த்திக்குப் பத்து நாள் முன்பே மண்ணில் கை வையுங்கள். முதல் நாள் இரவு உட்கார்ந்து செய்தால் மறுநாள் ஈரப்பிள்ளையாருக்குத்தான் பூஜை. அதில் குற்றமும் இல்லை, விரிசல்விட நேரமே இருக்காது.

கேள்வி: மஞ்சள் பூசிய பிள்ளையார் ஒரே இரவில் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டார். சகுனமா?
– வாசகி, குப்பம்

சகுனமில்லை, சுண்ணாம்பு. மண் வெளுப்பாகத் தெரியட்டும் என்று முதலில் சுண்ணாம்பு அடித்திருப்பீர்கள், அல்லது சுண்ணாம்பு பட்ட கையால் தொட்டிருப்பீர்கள். மஞ்சளோடு காரம் சேர்ந்தால் சிவக்கும்; ஆரத்தித் தட்டில் தினமும் பார்க்கிற விஷயம்தான். வெள்ளை அடித்தளம் வேண்டுமென்றால் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துப் பூசுங்கள். அரிசி மாவு எறும்பைக் கூட்டிவரும். சிவப்புக்குக் காவிக்கல்லும் கறுப்புக்கு விளக்குக் கரியும் வெளுக்காமல் நிற்கும். பீட்ரூட் சாறும் கீரைச் சாறும் இரண்டு நாளில் பழுப்பாகிவிடும், மெனக்கெட வேண்டாம். ஊறவைத்த வேப்பம்பிசினையோ கருவேலம்பிசினையோ நீர்க்கக் கலந்து பூசினால் நிறம் கையில் ஒட்டாது. சிலை முழுக்கக் காய்ந்த பிறகே பூசுங்கள்.

கேள்வி: கடையில் இருபத்தொரு பத்ரி கட்டாக விற்கிறார்கள். பாதி இலைக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. பூஜை முடிந்ததும் வீணாக்காமல் மாட்டுக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், சித்தூர்

கூடவே கூடாது. அந்தக் கட்டில் அரளி இருக்கிறது, எருக்கு இருக்கிறது, ஊமத்தை இருக்கிறது. மூன்றும் நஞ்சு. அரளி இலை கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே மாட்டின் இதயம் நின்றுவிடும். காய்ந்த இலையிலும் அந்த வேகம் குறைவதில்லை. பசுமையாக இருக்கும்போது கசப்பால் ஒதுக்கும் ஆடு மாடுகூட, வாடி மற்ற இலைகளோடு கலந்துவிட்டால் தெரியாமல் தின்றுவிடும். பந்தல் போட்ட மறுநாள் காலையில் நிர்மால்யத்தைத் தெருமுனையில் கொட்டுவதும் இதே ஆபத்துதான். ஏரித் தண்ணீரிலும் போடாதீர்கள், அங்கேதான் மாடு தண்ணீர் குடிக்கிறது.

பூஜை செய்யும்போதே இந்த மூன்றையும் தனித் தட்டில் வைத்துக்கொண்டால் பிறகு பிரிப்பது சுலபம். மூன்றடி ஆழக் குழியில் ஒரு சாண் இலைக்கு நான்கு விரல் மண் என்று அடுக்கி, தண்ணீர் தெளித்து மூடினால் மூன்று மாதத்தில் மக்கிவிடும். அரளித் தண்டைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள், முழுத் தண்டு சீக்கிரம் மக்காது. அந்த எருவைப் பூச்செடிக்குப் போடலாம்.

கட்டு வாங்குவதைவிட நடந்து போய்ப் பறிப்பது மேல். வேலியோரம் நாயுருவி, ஏரிக்கரையில் நொச்சி, கோயிலில் வில்வமும் அரசும், வீட்டில் மாதுளை, மா, துளசி, வயல் வரப்பில் அருகு, தரிசில் இலந்தை, விஷ்ணுகிராந்தி என்று பத்துப் பன்னிரண்டு எளிதில் சேரும். (பிள்ளையாருக்குத் துளசி ஆகாது என்பார்கள், சதுர்த்தி அன்று மட்டும் அதற்கு விலக்கு.) ஒவ்வொன்றிலும் ஓர் இலை போதும், கிளையை ஒடிக்க வேண்டாம். வன்னியை முக்கியமாகச் சொல்கிறோம். சந்தைக் கட்டுக்காக மொட்டையடித்த மரம் தழைக்க வெகுநாள் பிடிக்கும். தேவதாரு இமயமலை மரம். இங்கே அந்தப் பெயரில் விற்பது வேறு செடிதான். கிடைக்காத இலைக்குப் பதில் அருகம்புல்லோ அட்சதையோ போடுவது வழக்கத்தில் உள்ளதுதான்.

பாலவெல்லியில் (பிள்ளையாருக்கு மேலே கட்டும் மரச்சட்டம்) தொங்கவிட இப்போது பிளாஸ்டிக் பழங்கள் வருகின்றன. மக்காச்சோளக் கதிரும் கொய்யாவும் விளாங்காயும் அந்த வாரம் சந்தையில் குவிந்து கிடக்கும்போது அதை ஏன் வாங்குகிறார்கள் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

கேள்வி: எங்கள் தெருவுக்கு ஆறடிப் பிள்ளையார் வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. என்ன செய்யலாம்?
– விழாக் குழு, திருத்தணி வட்டாரம்

முழங்கால் தண்ணீரில் ஆறடிச் சிலை கரையாது, சாயும். பிறகு கம்பியால் அடித்து உடைப்பார்கள். மூன்று நாள் பூஜை செய்த உருவத்துக்கு அந்த முடிவு யாருக்கும் பிடிக்காது. கொசஸ்தலையாறும் நகரியாறும் போய்ச் சேருவது பூண்டி நீர்த்தேக்கத்தில். 1944-இல் கட்டியது, சென்னையின் குடிநீர் அங்கிருந்தும் போகிறது. இப்போது மணலில் விட்டுவரும் பெயின்ட்டும் தெர்மாகோலும் ஐப்பசி வெள்ளத்தில் அங்கேதான் போகும்.

எங்கள் யோசனை: பிராணப் பிரதிஷ்டைக்கும் கரைப்பதற்கும் இரண்டடிப் பச்சை மண் பிள்ளையார். உயரம் வேண்டுமே என்றால் அவருக்குப் பின்னால் ஆறடிக்கு மூங்கில் தட்டி, தென்னங்குருத்து, வாழைமரம், மாவிலை. இளைஞர்களின் கைவண்ணத்துக்கு அதில் நிறைய இடம் இருக்கிறது. அலங்காரத் தெர்மாகோலும் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனரும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை; துணியில் எழுதிக் கட்டுங்கள். அன்னதானத்துக்குக் ‘காகிதத் தட்டு’ வாங்கினால் அதன் உள்பூச்சு பிளாஸ்டிக்தான். புரசு இலை, மந்தார இலைத் தையல் தட்டு நம் பக்கம் இன்னும் கிடைக்கிறது. வாங்கியதும் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காய்ந்தால் சோறு போடும்போது கிழியும்.

மூன்றடி வரை போவதென்றால் மண்ணை முழுக்க அப்பாமல், மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணலால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்கு மண் பூசச் சொல்லுங்கள். ஆணியும் இரும்புக் கம்பியும் வேண்டாம். கரைக்க ஐந்தடிக்கு ஐந்தடி, நான்கடி ஆழக் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தால் சுமார் 2,800 லிட்டர் கொள்ளும். அதில் முக்கால் நிரப்பினால் போதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறையும் இப்படித் தற்காலிகக் குளத்தைத்தான் சொல்கிறது. மாலை, துணி, குடை எல்லாவற்றையும் எடுத்த பிறகே இறக்க வேண்டும். மறுநாள் மூங்கிலையும் வைக்கோலையும் இழுத்துவிட்டு, ஆயிரம் லிட்டருக்கு ஐம்பது கிராம் படிகாரம் கரைத்துக் கலக்கினால் சேறு படியும். தெளிந்த நீர் மரங்களுக்கு. சேற்றைக் குயவர் எடுத்துக்கொள்வார்.

கேள்வி: வாளியில் கரைத்தால் சாஸ்திரத்துக்குப் பொருந்துமா என்று மாமியார் கேட்கிறார். கரைத்த மண்ணை என்ன செய்வது?
– வாசகி, சித்தூர்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே அமர்ந்திருக்கிறார் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். புனர்பூஜை (விடைகொடுக்கும் முன் செய்யும் பூஜை) செய்து, பிள்ளையாரை வடக்கே சற்று நகர்த்தி, பிறகு நீரில் விடுவதுதான் முறை. அந்த நீர் ஆற்றிலா வீட்டிலா என்பது அவரவர் வசதி.

இறக்குவதற்கு முன்பு ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: கண்ணில் பதித்த இரண்டு குண்டுமணிகளையும் எடுத்து எண்ணிப் பாருங்கள். அது கொடிய நஞ்சு. குழந்தை கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. தோட்டத்து மண்ணோடு போனால் அங்கே முளைத்துக் கொடியாகும். மூடியுள்ள டப்பாவில் போட்டு அடுத்த வருஷத்துக்கு வையுங்கள், அல்லது கண்ணுக்கு மிளகு பதியுங்கள். பூணூல் நைலானாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். அப்பிய குங்குமத்தைச் சுரண்டி எடுங்கள், இப்போது வருவதில் பலதும் சாயப்பொடி.

நன்றாகக் காய்ந்த ஆறு அங்குலப் பிள்ளையார் இரண்டு மூன்று மணி நேரத்தில் குலைவார். ஒரு சாண் உயரத்துக்கு ஓர் இரவு. ஈரம் மிச்சமிருந்தால் இன்னும் தாமதமாகும். தெளிந்த நீரைச் செடிக்கு விட்டு, சேற்றைத் தோட்டத்தில் மெல்லிய படலமாகப் பரப்பிக் காய்ந்ததும் கொத்திக் கிளறுங்கள். பூந்தொட்டியில் அப்படியே கொட்டினால் களி அடைத்து, தண்ணீர் இறங்காமல் வேர் அழுகும். தோட்டமே இல்லாதவர்கள் உலர்த்திக் கட்டியாக வைத்துக்கொண்டால் அடுத்த ஆவணிக்கு மண் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: விதைப் பிள்ளையார் வாங்கினோம். ஒன்றும் முளைக்கவில்லை.
– வாசகர், நகரி

விதையை ஈர மண்ணில் பிசைந்திருப்பார்கள். காயும் வாரத்திலேயே அது முளைவிட்டுச் செத்திருக்கும். துளசி போன்ற பொடி விதை மேலாக இருந்தால்தான் முளைக்கும், களிக்கட்டிக்குள் புதைந்தால் வராது. நீங்களே செய்யும்போது பீடத்தின் அடியில் ஒரு குழி விட்டு, சிலை காய்ந்த பிறகு வெண்டை, அவரை, பூசணி விதைகளைக் காகிதத்தில் மடித்து அதில் வையுங்கள். கரைக்கும் முன் எடுத்துவிட்டு, கரைந்த மண் ஒரு பங்கு, தோட்டத்து மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு கலந்து, விதையின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்றுங்கள்.

கேள்வி: பண்டிகைக்கு முன்னதாகவே கேட்கிறேன். போகித் தீக்கு வறட்டி மாலை செய்ய எப்போது தட்ட வேண்டும்?
– வாசகி, புத்தூர்

மார்கழி பிறந்ததுமே. பனியில் வறட்டி காய இரண்டு வாரமாவது ஆகும். பாதி ஈரமாக எரித்தால் புகைதான் மிஞ்சும். உள்ளங்கை அகலம், அரை விரல் கனம், ஈரமாக இருக்கும்போதே நடுவில் துளை. தினமும் சாயங்காலம் உள்ளே எடுத்து வையுங்கள், மூன்றாம் நாள் திருப்பிப் போடுங்கள். கோப்பது சணல் கயிற்றில். தீயில் வறட்டியும் காய்ந்த விறகும் மட்டும் போகட்டும். டயர், பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பழைய கதவு எதுவும் வேண்டாம். அன்று சாயங்காலம் குழந்தைகள் தலையில் இலந்தைப் பழத்தோடு சில்லறையும் கொட்டுகிறவர்கள், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காசைத் தவிர்த்துப் பூவிதழ் போடுங்கள். உருண்டு விழும் காசு நேரே வாய்க்குத்தான் போகும்.